மூன்றாம் பேஸ் ஓரம் நின்றவருக்கு எங்கே இடம்?

கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் புகழரங்க நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். எனக்குக் கோபம் தமிழில்தான் சரியாக வரும். ஆட்டத்தைச் சொல்லிக் கொடுக்கும் பயிற்சியாளர்களுக்கு உங்கள் அரங்கில் இடமில்லையே என்ற கோபம் அது. யாராவது உங்களுக்குப் படித்துச் சொல்லட்டும்.

2011 அக்டோபர் 27. அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், வழக்கமாகக் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் டேவிட் ஃப்ரீஸுக்கு இரண்டு ஸ்ட்ரைக், அதாவது தவறவிட்ட பந்து இரண்டு. இன்னும் ஒன்று விழுந்தால் அவரும் அவுட், கோப்பை டெக்சாஸுக்கு. ஃப்ரீஸ் அடித்த பந்து நெல்சன் குரூஸின் கைக்கு எட்டாமல் பறந்தது, இரண்டு ரன் வந்து 7-7 ஆனது, ஓடுகிறவர் ரன் எடுக்குமுன் தொட வேண்டிய கடைசி முனையான மூன்றாம் பேஸில் ஃப்ரீஸ் தலை முன்னால் போகப் பாய்ந்து விழுந்தார். அதற்குப் பக்கத்தில் கார்டினல்ஸ் சீருடையில் நின்றவர் அணியின் பயிற்சியாளர்களில் ஒருவரான ஹோசே ஓக்வெண்டோ. அந்தக் காட்சியை எத்தனை முறை போட்டுப் பார்த்தேனோ, கணக்கில்லை. ஓரத்தில் நிற்கிற அந்த மனிதர் யார் என்று கேட்கத்தான் எனக்குப் பல வருடம் ஆனது.

போர்ட்டோ ரிக்கோக்காரர். 19 வயதில் நியூயார்க் மெட்ஸ் அணிக்கு ஆடத் தொடங்கி, 1985இல் செயிண்ட் லூயிஸுக்கு வந்தவர். 1988இல் ஒரே பருவத்தில் ஒன்பது இடங்களிலும் ஆடினார். பந்து வீசும் பிட்சர், பேட்டருக்குப் பின்னால் நின்று அதைப் பிடிக்கும் கேட்சர் உட்பட ஒன்பதும். கிரிக்கெட்டில் நாம் ஆல்ரவுண்டர் என்போமே, அதெல்லாம் இதற்கு முன்னால் சும்மா.

அந்த வருடம் மே 14 நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். அட்லாண்டாவுடனான ஆட்டம் முடிகிற பாடாக இல்லை. பந்து வீச அனுப்ப ஆள் தீர்ந்துபோக, பதினாறாவது இன்னிங்ஸில் அணியை நடத்தும் மேனேஜர் வைட்டி ஹெர்சாக் ஓக்வெண்டோவை மேட்டில் ஏற்றினார். அசல் பிட்சரான ஹோசே டிலியோன் அவுட்ஃபீல்டில் நின்றார்! பந்து அவர் பக்கம் போய்விடக் கூடாது என்று, பேட்டருக்கு ஏற்ப அவரும் சக ஆட்டக்காரர் டாம் பிரனான்ஸ்கியும் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறி ஓடிக்கொண்டே இருந்தார்கள். ஓக்வெண்டோ மூன்று இன்னிங்ஸ் ஒரு ரன்னும் கொடுக்கவில்லை. பத்தொன்பதாவதில் அட்லாண்டாவின் கென் கிரிஃபி அடித்த அடியில் இரண்டு ரன் போனது, 7-5. உங்கள் அரங்கின் பட்டயச் சுவரில் இருக்கும் கிரிஃபியின் அப்பாதான் அவர். தோற்ற பிட்சர் என்ற இடத்தில் ஓக்வெண்டோ பெயர் பதிவானது.

1990இல் இரண்டாம் பேஸில் பருவம் முழுக்க அவர் செய்த பிழைகள் மூன்றே மூன்று. சிறந்த ஃபீல்டிங்குக்கான தங்கக் கையுறை விருது சிகாகோவின் ரைன் சாண்ட்பர்க்குக்குப் போனது. சாண்ட்பர்க்கும் உங்கள் சுவரில் இருக்கிறார். எங்கு நிறுத்தினாலும் ஆடுகிறவர்களுக்கென்று தனியாக ஒரு தங்கக் கையுறை 2022இல்தான் வந்தது.

சரி, ஆட்டக்காரராக அவரை உள்ளே விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பேட்டிங் சராசரி .256, மொத்த ஹோம் ரன் 14. எனக்கும் கணக்குத் தெரியும். நான் பேச வந்தது அதற்குப் பிறகான காலத்தைப் பற்றி.

2000 முதல் 2015 வரை அவர் கார்டினல்ஸின் மூன்றாம் பேஸ் பயிற்சியாளர். 2018இல் மறுபடியும் ஒரு பருவம். அந்த வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முழு வேகத்தில் வருகிறவனைக் கையைச் சுழற்றி ஓட விடுவதா, இரண்டு கையையும் தூக்கி நிறுத்துவதா? பந்தை எடுப்பவனின் தோள் எப்படி, தரை ஈரமா, அடுத்து ஆட வருபவன் யார், எல்லாவற்றையும் கண்சிமிட்டும் நேரத்தில் எடை போட வேண்டும். ஓடியவன் தப்பித்தால் அவன் கால் வேகம். மாட்டினால் பழி பயிற்சியாளர் தலையில்.

அதைவிடப் பெரிய வேலை கேமரா இல்லாத காலை நேரங்களில் நடந்தது. 2009இல் அவுட்ஃபீல்டில் ஆடிக்கொண்டிருந்த ஸ்கிப் ஷூமேக்கரை இரண்டாம் பேஸுக்கு மாற்றினார்கள். வசந்தகாலப் பயிற்சியில் ஓக்வெண்டோ தரையோடு பந்தை அடித்துக்கொண்டே இருப்பார், ஷூமேக்கர் பொறுக்கிக்கொண்டே இருப்பார். அந்தப் பருவம் முழுக்க ஷூமேக்கர்தான் அணியின் பிரதான இரண்டாம் பேஸ்காரர்.

2011இல் கார்டினல்ஸ் மேனேஜர் டோனி லா ரூசா ஓய்வு பெற்றதும் மேனேஜர் வேலைக்கான நேர்காணலில் ஓக்வெண்டோவும் உட்கார்ந்தார். வேலை மைக் மெத்தெனிக்குப் போனது. தொழில்முறை அணி எதையும் அதுவரை நடத்தியிராதவர் அவர். ஓக்வெண்டோவோ தேசிய அணிகள் மோதும் உலக பேஸ்பால் கிளாசிக்கில் போர்ட்டோ ரிக்கோவை இருமுறை நடத்தியவர். அப்புறம் பாருங்கள், 2023இல் தேசிய லீகின் சிறந்த மேனேஜர் விருது மயாமி அணியின் மேனேஜருக்கு. யார்? அதே ஷூமேக்கர். மாணவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான், வாத்தியார் கடைசிவரை உட்காரவில்லை.

அது அணி முதலாளிகள் பாடு. உங்களிடம் என் வழக்கு வேறு. உங்கள் அரங்கில் ஆட்டக்காரருக்கு இடமுண்டு, மேனேஜருக்கு, அம்பயருக்கு, நிர்வாகிக்கு உண்டு. மைக்கில் ஆட்டத்தை வர்ணிப்பவருக்கு ஆண்டுதோறும் ஃபோர்ட் ஃபிரிக் விருது, பத்திரிகையில் எழுதுகிறவருக்கும் ஒரு விருது. ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவருக்கு என்று ஒன்றும் இல்லை. பேசியவனுக்கும் எழுதியவனுக்கும் இலை போட்டுவிட்டு, சமைத்தவனைக் கொல்லைப்புறத்தில் நிற்க வைப்பது எந்த ஊர் வழக்கம்?

செயிண்ட் லூயிஸ்காரர்கள் தங்கள் அணியின் புகழரங்கில் 2023இல் ஓக்வெண்டோவைச் சேர்த்தார்கள். அவருக்கு முன்பே ஜார்ஜ் கிஸ்ஸலையும் சேர்த்திருந்தார்கள். கிஸ்ஸல் பெரிய லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர், 1940இலிருந்து 2008இல் சாகும்வரை அதே அணியில் பாடம் நடத்தியவர். கேட்சராக இருந்த ஜோ டோரிக்கு மூன்றாம் பேஸ் ஆடக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். டோரி உங்கள் சுவரில் இருக்கிறார். கிஸ்ஸல் எங்கே?

சுவரில் பட்டயம் வேண்டாம், விதிகளைத் திருத்தவும் வேண்டாம். ஒலிபரப்பாளர்களுக்குக் கொடுப்பதுபோலப் பயிற்சியாளர்களுக்கு ஆண்டுக்கு ஒரு விருது கொடுங்கள். முதல் விருதைக் கிஸ்ஸலுக்கே கொடுத்துவிடுங்கள். ஓக்வெண்டோ காத்திருப்பார், அது அவருக்குப் பழக்கம்தான்.

இப்படிக்கு,
ஆட்டம் முடிந்த பிறகும் மூன்றாம் பேஸ் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு ரசிகன்