2004-12 என்று ஒரு கோப்பு

அன்பின் மச்சான்,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே திருகோணமலை உவர்மலையில் போன கிழமை முழுக்க மழை, வெளியே போக முடியாமல் பழைய மெயில்களை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். கடல் வந்த அந்த 2004 டிசம்பர் 26க்குப் பிறகு உனக்கு நான் எழுதியவற்றைத்தான் முதலில் தேடினேன்.

தேடிக் களைத்துவிட்டேன். அப்போது பைன் (Pine) என்ற மெயில் மென்பொருளைப் பாவித்தோம், ஞாபகமா? மாதம் பிறந்ததும் அனுப்பிய மெயில்களைத் தனிக் கோப்பாக்கி, மாதப் பெயரை முன்னும் ஆண்டைப் பின்னும் போட்டு வைக்கும். பட்டியல் எடுத்தால் ஆங்கில அகரவரிசையில் ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர், பெப்ரவரி என்று வரும், ஒவ்வொரு மாதத்துக்குள்ளும் எல்லா ஆண்டுகளும் கலந்து கிடக்கும். அதனால் எல்லாவற்றையும் 2004-12, 2005-01 என்று ஆண்டு முன்னால் வருகிற மாதிரி மாற்றினேன். மாதத்துக்கு இரண்டு இலக்கம் கட்டாயம், இல்லாவிட்டால் 10 போய் 2க்கு முன்னால் நிற்கும். இப்போது பாவிக்கும் மட் (Mutt) என்ற மெயில் மென்பொருளில், அனுப்பிய மெயில் சேரும் பெட்டியின் பெயரையே திகதியைத் தரும் டேட் (date) கட்டளையால் அமைத்துவிட்டேன், மாதம் மாறியபின் மென்பொருளைத் திறந்தால் பெயரில் வரும் மாதமும் மாறும்.

கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். உன் சொந்த டிஸ்கில் தாராளமாக வை, லினக்ஸில் பிரச்சினை இல்லை. மெயில்களைத் தொலைவில் வைத்திருக்கும் ஐமேப் (IMAP) சர்வரில் வைத்தால் மட்டும் உள்ளே அது வேறு குறியீடாக மாறிவிடும், சில மென்பொருளில் வெறும் கிறுக்கலாகத் தெரியும்.

இன்னொன்று, நடப்பு ஆண்டு மெயில்களை மெயில்டிர் (Maildir) என்ற சேமிப்பு முறையில் வை. ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு என்பதால் இடையில் கரண்ட் போனாலும் பெட்டி முழுவதும் கெடாது. எம்பாக்ஸ் (mbox) என்ற மற்ற முறையில் எல்லாம் ஒரே கோப்பு, ஒன்றை அழித்தாலும் கோப்பைத் திருப்பி எழுத வேண்டிவரும். ஆனால் முடிந்துபோன ஆண்டுகளுக்கு எனக்கு எம்பாக்ஸ்தான் பிடிக்கும். வெறும் எழுத்துக் கோப்பு, இத்தனை வருடம் கழித்தும் எந்த எடிட்டரிலும் திறக்கிறது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் எழுதியவை மட்டும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தன, அவற்றை ஒவ்வொன்றாக யுனிகோடுக்கு மாற்றி வாசித்தேன். "வீட்டில் எல்லாரும் இருக்கிறோம், கீழ்த் தெருவில் தண்ணீர் இன்னும் வடியவில்லை" என்று ஒரு வரி. அதை எழுதியதே மறந்துவிட்டது, மச்சான்.

நான் எழுதியவை கிடைத்தன, நீ எழுதிய பதில்கள் என்னிடம் இல்லை, பழைய டிஸ்கோடு போய்விட்டன. உன்னிடம் அந்த மாதக் கோப்பு இருந்தால் மெயில் மென்பொருளில் திறக்காதே, பெயரையும் மாற்றாதே, அப்படியே ஒரு பிரதி எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் கூட்டாளி