தண்ணீருக்கு நடுவே வேண்டாம், மச்சான்

கல்லடி,
ஞாயிறு இரவு

அன்பின் மச்சான்,

சித்திரை வருடப்பிறப்புக்கு நீ அனுப்பிய குரல் செய்திக்கு ஆவணி பிறந்தும் நான் பதில் சொல்லவில்லை. கோபமாக இருப்பாய். இரு, அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை, கோயில் வரைக்கும் நடக்கிறா. மாமாவின் காணி வழக்குக்கு இன்னொரு தவணை போட்டுவிட்டார்கள். சின்னவன் இந்த முறை ஓஎல் சோதனை எழுதுகிறான். வீட்டுச் செய்தி அவ்வளவுதான். இப்போது எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

என்னை ஒரு கோல்ஃப் ஹோல், முதல் அடியில் இருந்து குழி வரைக்குமான முழு ஓட்டத்தையும், போட்டுத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், மச்சான். வாசித்தது சரிதான். புல் வெட்டவோ, தண்ணீர் ஊற்றவோ இல்லை. போட்டுத் தர!

பாசிக்குடாப் பக்கம் ஒரு ஹோட்டல் முதலாளிக்குக் கடலுக்கும் ஓடைக்கும் நடுவில் பத்து ஏக்கர் மணல் காணி சும்மா கிடக்கிறது. வருகிறவர்கள் பின்னேரத்தில் விளையாட அதில் மூன்று ஹோல் வேண்டுமாம். நான் பதினொரு வருடம் துபாயில் கோல்ஃப் புல்லோடு கிடந்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போனேன். உட்காரச் சொல்லி, இளநீர் தந்து, போனை நீட்டி ஒரு படத்தைக் காட்டினார். "முதலாவது இதைப் போல வேண்டும்" என்றார்.

என்ன படம் தெரியுமா? உன் ஆள். அமெரிக்காவின் சோகிராஸ் மைதானத்து 17ஆவது ஹோல், குழி இருக்கிற கிரீன் புல்தரை தண்ணீருக்கு நடுவே தீவாக நிற்குமே, அது.

எனக்கு அப்படியே நம்முடைய துபாய் அறைக்குள் போய் நின்றது போல இருந்தது. வெள்ளிக்கிழமை லீவு, நீ மேல் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு "உலகத்திலேயே அதுக்கு மேலே ஒரு ஹோல் இல்லை" என்று கத்துவாய், சுல்தான் கதவைத் தட்டுவார். எது நல்ல ஹோல் என்ற நம்முடைய அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. இன்றைக்கு முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

அந்த ஹோலை நான் குறைத்துப் பேசியதே இல்லை. பீட் டை 1980 இல் புளோரிடாவின் சதுப்புக்குள் அந்த மைதானத்தைக் கட்டினார். 17ஆவது கிரீனைச் சுற்றி நல்ல மணல் இருந்தது. மற்ற ஹோல்களுக்கென்று அதைத் தோண்டித் தோண்டி எடுத்து, கடைசியில் பெரிய பள்ளம்தான் மிஞ்சியது. அவருடைய மனைவி அலிஸ் டைதான், பள்ளத்தைத் தண்ணீரால் நிரப்பி கிரீனைத் தீவாக விட்டுவிடலாமே என்றார். 137 யார் தூரம், ஒரே அடியில் பந்து அங்கே போய் விழ வேண்டும். வந்து விழுந்த இக்கட்டையே அழகாக்கிய மனிசி அவர். அந்த இடத்தில் நான் அவரைக் கும்பிடுகிறேன்.

ஆனால் அந்த ஹோல் ஆட்டக்காரனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறது. போடுவாயா, மாட்டாயா? 2005 இல் பாப் ட்வே அங்கே பந்தைக் குழிக்குள் போட 12 அடி எடுத்ததை நாம் பார்த்தோமே. 1986 இல் பிஜிஏ சாம்பியன்ஷிப் என்கிற பெரிய போட்டியையே வென்ற மனிசன்! அவர் யோசித்துப் பிழைக்க அங்கே வேறு வழி இல்லை. சுற்றிப் போக முடியாது, உருட்டிவிட முடியாது, பயந்தவன் ஒதுங்க ஒரு முழம் புல்லும் இல்லை. டிவியில் பார்க்க அது திருவிழா. பாசிக்குடாவுக்கு வருகிற, வாழ்க்கையில் முதல்தரம் மட்டை பிடிக்கிற ஒரு பெண்ணுக்கும் அவளுடைய தகப்பனுக்கும் அது தண்டனை. ஆறு பந்தைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டு அறைக்குத் திரும்புவார்கள், பிறகு வரமாட்டார்கள்.

நல்ல ஹோல் என்றால் கிளித்தட்டு மாதிரி இருக்க வேண்டும். மறிக்கிறவன்தான் கிளி, அது நடுக்கோட்டில் நிற்கும். இடதால் பாயலாம், வலதால் பாயலாம், பொறுத்து நின்று அடுத்த முறை போகலாம். கெட்டிக்காரனும் உள்ளே வரலாம், காலில் முள் ஏறினவனும் வரலாம். யார் எந்த நேரம் எந்தப் பக்கம் துணிகிறான் என்பதுதானே விளையாட்டு?

டொம் டோக் போட்ட பசிபிக் டியூன்ஸ் மைதானத்தை எடு, அமெரிக்காவின் ஒரிகன் கரையில் 2001 இல் திறந்தது. அதன் 6ஆவது ஹோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, ஃபேர்வே என்கிற நடுப் புல்வழி நம்முடைய மட்டக்களப்பு வெபர் மைதானம் போல விரிந்து கிடக்கும். எங்கே அடித்தாலும் பந்து தொலையாது. ஆனால் இடப்பக்கம் போனவன் ஆழமான மணற்குழிக்கு மேலால் ஒரு ஒடுங்கின மேட்டுக்கு அடிக்க வேண்டும். வலப்பக்கம் ஓரமாக வைத்தவனுக்கு அதே கிரீன் நீளவாட்டில் திறந்து கிடக்கும். முதல் அடியில் விட்ட பிழை அடுத்த அடியில்தான் தெரியும். இது 17ஐ விடப் பத்து மடங்கு கெட்டித்தனம். இல்லையென்று சொல்லு பார்ப்போம்!

அதைவிட எனக்குப் பிடித்தது உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மெல்பேர்னில் இருந்து கடலைத் தாண்டினால் டாஸ்மேனியா, அங்கே பார்ன்பூகிள் டியூன்ஸ். உருளைக்கிழங்குப் பண்ணையை ஒட்டிய மணல்மேடுகளில் டோக்கும் மைக் கிளேட்டனும் 2004 இல் போட்டது. 4ஆவது ஹோல் 270 மீட்டர் சொச்சம்தான், நேரே போனால் ஒரே அடியில் கிரீனைத் தொட்டுவிடலாம் போல ஆசை காட்டும். அந்த நேர்வழியில்தான் ஒரு வீட்டையே விழுங்குகிற மணற்குழி வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. பயமா, இடப்பக்கம் அகலமாகக் கிடக்கிறது, போ. ஒன்பது வருடமாக அங்கே இருந்துகொண்டு நீ அதைப் போய்ப் பார்க்கவில்லை என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை, மச்சான்.

சரி, என் காணிக்கு வருகிறேன். போன சனிக்கிழமை விடியப் போய் முழுக்க நடந்தேன். காணியின் நடுவில் காற்றே தோண்டிய பள்ளம் ஒன்று இருக்கிறது. என் தோள் ஆழம், ஓரம் முழுக்க இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் சாண்ட் ஹில்ஸ் மைதானத்தைப் போட்டபோது, பில் கூரும் பென் கிரென்ஷாவும் அந்த மணல் நிலத்தை நடந்து நடந்து நூற்றுக்கு மேலே ஹோல்களைக் கண்டுபிடித்து, அதில் பதினெட்டைத் தெரிந்தெடுத்தார்கள். மணற்குழிகளை முன்னமே காற்று தோண்டி வைத்திருந்தது. அது நினைவுக்கு வந்து, பள்ளத்தின் விளிம்பில் அப்படியே இருந்துவிட்டேன்.

என்னுடைய ஹோல் கரையோடு வடக்கே போகும். 225 மீட்டர். பள்ளம் நட்ட நடுவில், கிளி மாதிரி. கடல் பக்கம் பதினைந்து அடி எடுத்துவைக்கிற அகலம்தான், ஆனால் அங்கிருந்து கிரீன் முழுசாகத் தெரியும். ஓடைப் பக்கம் தாராளமாக விட்டிருக்கிறேன், அங்கிருந்து ஒரு மேடு மறைக்கும். இப்போது காற்றைக் கேள். ஆடியில் மேற்கே இருந்து கச்சான் காற்று அடித்தால் பந்து கடல் பக்கம் தள்ளுப்படும். மார்கழியில் வாடை அதையே ஓடைப் பக்கம் தள்ளும். ஆறு மாதத்துக்கு ஒருக்கால் துணிச்சலான பக்கம் மாறிவிடும். ஒரே ஹோல் இரண்டு ஹோலாகிறது, ஒரு கடகம் மண் அள்ளத் தேவையில்லை. இரவு படுத்தால் இதுதான் ஓடுகிறது.

முதலாளியின் தீவு மழைக்காலத்தில் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. கார்த்திகையில் ஓடை பெருகினால் கிரீன் முழுக்கத் தண்ணீருக்குள். வடிந்த பிறகு உப்பு. பாஸ்பலம் புல் உப்பைத் தாங்கும், ஆனால் கிழமைக்கணக்கில் சேற்றுத் தண்ணீருக்குள் கிடந்தால் அதுவும் அழுகும்.

ஒன்று சொல்ல வேண்டும். கம்பு நட்டு அளக்க உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிப்போனேன், அறுபது வயது இருக்கும். கோல்ஃபில் மணற்குழிக்குப் பங்கர் என்றுதானே பெயர், நான் பழக்கத்தில் "இதை பங்கராக வைத்துக்கொள்வோம் அண்ணன்" என்று சொல்லிவிட்டேன். அவர் கையில் இருந்த கம்பைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாருக்குத் தம்பி?" என்று கேட்டார்.

எனக்குக் கை விறைத்துவிட்டது. துபாயில் முதல் நாள் சுல்தான் நம்மிடம் மண்வாரியைத் தந்து பங்கருக்குள் இறங்கச் சொன்னபோது உன் முகம் எப்படி இருந்தது என்று நினைவு வந்தது. நானும் நீயும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. சண்டைக் காலத்தில் நாங்கள் ஒளிய வேப்பமரத்தடியில் தென்னங்குற்றி அடுக்கி அப்பா வெட்டிய பங்கர்தான் எனக்குக் கண்ணுக்குள் நின்றது. அண்ணனிடம் விளையாட்டைப் பற்றி ஆறுதலாகச் சொன்னேன். மறுகா கம்பை எடுத்தார். அந்தச் சொல்லை இனி அந்தக் காணிக்குள் நான் சொல்லப்போவதில்லை. மணற்குழி என்றுதான் படத்திலும் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை முதலாளிக்குப் படம் கொடுக்க வேண்டும். தீவு வேண்டாம் என்று வாயால் சொன்னால் அவர் கேட்கமாட்டார், பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். நம்முடைய நீலக் கொப்பி உன்னிடம்தானே இருக்கிறது? அதில் நீ 17ஐயும் நான் பார்ன்பூகிள் 4ஐயும் எதிரெதிர்ப் பக்கத்தில் கீறினோம், உன்னுடையதன் மேல் பிளேன்டீ கொட்டின பக்கம். அதைப் படம் எடுத்து புதன்கிழமைக்குள் அனுப்பு. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லு.

உன்
தவம்