சிலிண்டருக்குள் நிற்கும் தண்ணீர்: சைசிங், பிராசசிங் ஆலை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் வட்டாரத்தில் சைசிங்கும் (பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது) பிராசசிங்கும் (துணியை வெளுத்துச் சாயமேற்றிக் காய வைப்பது) நடத்தும் முதலாளிமார்களுக்கு வணக்கம்.

"துணி ஈரமா வருது, பிரஷரை ஏத்துப்பா." உள்ளே ஸ்டீம் விட்டுச் சூடாக்கி, மேலே துணியையும் பாவையும் ஓட்டிக் காய வைக்கும் சுழல் உருளைகள்தான் சிலிண்டர்கள். அவற்றோடு கழிந்த முப்பது வருஷ வேலையில் நான் அதிகம் கேட்டது இதைத்தான். ஷிப்ட் மேஸ்திரி சொல்வார், சூப்பர்வைசர் சொல்வார், சில சமயம் முதலாளியே நேரில் வந்து சொல்வார். நானும் ஏற்றியவன்தான். பாய்லர் பிரஷரைக் குறைத்துச் சிலிண்டருக்கு அனுப்பும் ரெடியூசிங் வால்வைத் திருகி, சதுர செ.மீ.க்கு 2 கிலோவில் இருந்ததை 3க்கும் 4க்கும் கொண்டுபோயிருக்கிறேன். அது தப்பான வைத்தியம் என்று புரிய எனக்கு ஆறேழு வருஷம் ஆனது. புரிந்ததை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் பிரஷர் கணக்கைப் பார்த்துவிடலாம். கேஜில் 2 கிலோ காட்டும்போது உள்ளே ஸ்டீமின் சூடு சுமார் 133 டிகிரி. 4 கிலோ காட்டும்போது 151. பிரஷரை இரட்டிப்பாக்கிக் கிடைப்பது வெறும் 18 டிகிரி. ஆனால் அந்த இரட்டிப்பை மெல்லிய தகட்டு சிலிண்டர், சுற்றும் சிலிண்டரைக் குழாயோடு இணைக்கும் ரோட்டரி ஜாயின்ட்டின் கார்பன், பேக்கிங், அருகில் நிற்கும் ஆள் என்று எல்லோரும் தாங்க வேண்டியிருக்கிறது. விறகும் கூடுதலாக எரியும். துணி அப்போதும் ஈரமாகத்தான் வரும், ஏனென்றால் கோளாறு பிரஷரில் இல்லை. பெரும்பாலும் அது சிலிண்டருக்குள் வெளியேறாமல் நிற்கும் தண்ணீரிலும் காற்றிலும் இருக்கிறது.

ஸ்டீம் தன்னிடமுள்ள சூட்டைத் தகட்டுக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீராகிறது. நாம் கன்டன்சேட் என்று சொல்வது இதைத்தான். ஒரு கிலோ ஸ்டீம் வேலை செய்து முடித்தால் ஒரு லிட்டர் தண்ணீர் உள்ளே மிஞ்சும். அது உடனுக்குடன் போனால்தான் அடுத்த ஸ்டீமுக்கு இடம் உண்டு. போகாவிட்டால் அடியில் குட்டை கட்டும். சூட்டைக் கடத்துவதில் தண்ணீர் ரொம்ப மோசம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கடத்துவதில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் அது கடத்தும். நிற்கிற தண்ணீர் ஒரு மில்லிமீட்டர் இருந்தாலே, தகட்டை ஓர் அங்குலம் தடிமன் ஏற்றியது மாதிரி.

குட்டை எவ்வளவு பெரிதாகும் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 570 மில்லிமீட்டர் விட்டம், 1800 அகலம் உள்ள சிலிண்டரின் கொள்ளளவு ஏறக்குறைய 460 லிட்டர். கால்வாசி நிறைந்தால் 115 கிலோ. இருபது சிலிண்டர் வரிசையில் எட்டுப் பத்தில் இப்படி நின்றால், காலையில் மெஷினை ஓட்டும்போது மோட்டார் திணறுவதற்கும் செயின் அறுவதற்கும் வேறு காரணம் தேட வேண்டாம். செயின் அறுந்தால் செயினை மாற்றுவோம். தண்ணீரை யாரும் பார்ப்பதில்லை.

வேகமும் இதில் சேர்ந்துகொள்கிறது. மெதுவாகச் சுற்றும்போது தண்ணீர் அடியிலேயே கிடக்கும், தகடு அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும். வேகம் கூடினால் தகடு தண்ணீரை மேலே இழுக்கும், பாதி வழியில் அது அருவி மாதிரி கொட்டும். இன்னும் கூடினால் உட்சுவர் முழுக்க வளையமாக ஒட்டிக்கொண்டு சேர்ந்தே சுற்றும். நான் சொன்ன அளவு சிலிண்டரில், நிமிடத்துக்கு 100 மீட்டரைத் தாண்டாமல் அந்த வளையம் கட்டாது. நம் பகுதியில் பெரும்பாலும் 40, 60 மீட்டரில் ஓட்டுகிறோம், அதனால் நமக்கு இருப்பது குட்டைப் பிரச்சினைதான். அது நல்ல செய்தி. தண்ணீர் ஓரிடத்தில் கிடக்கிறது, அங்கே தண்ணீரை வெளியே தள்ள வழிவிடும் ஒரு சைஃபன் குழாய் சரியாக நின்றால் எடுத்துவிடலாம். ஆனால் புது டிரைவ் போட்டு வேகத்தைக் கூட்ட நினைப்பவர்கள், சைஃபனையும் அந்த வேகத்துக்கு ஏற்றபடி மாற்ற வேண்டியிருக்குமா என்று மெஷின் கொடுப்பவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இப்போது டிராப் விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீரை வெளியே விட்டு, ஸ்டீமை மட்டும் தடுத்து நிறுத்தும் தானியங்கி வால்வு அது. நம் ஆலைகளில் நான் அதிகம் பார்த்த தவறு, நாலு சிலிண்டருக்கோ ஆறு சிலிண்டருக்கோ சேர்த்து ஒரே டிராப். குழாய் மிச்சம், டிராப் மிச்சம். ஆனால் ஆறு சிலிண்டரும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. முதல் சிலிண்டரில் சொட்டச் சொட்ட ஈரத்துணி ஏறுகிறது, அங்கே ஸ்டீம் வேகமாகத் தண்ணீராகி பிரஷர் சற்று இறங்கும். கடைசிச் சிலிண்டரில் துணி ஏற்கெனவே காய்ந்திருக்கும், அங்கே பிரஷர் அப்படியே நிற்கும். இரண்டையும் ஒரே குழாயில் இணைத்தால், பிரஷர் கூடின சிலிண்டர் குழாயை ஆக்கிரமித்துக்கொள்ளும். அதிகத் தண்ணீர் சேரும் முதல் சிலிண்டருக்கு வழியே கிடைக்காது. ஆகக் கடுமையாக உழைக்க வேண்டிய சிலிண்டர்தான் மூழ்கிக் கிடக்கும். அதனால் சிலிண்டருக்கு ஒரு டிராப் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அந்த டிராப் எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். சைஃபன் குழாய் சூடான சிலிண்டருக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீர் போனதும் அந்தக் குழாய்க்குள் ஸ்டீம் புகுந்துவிடும். சுற்றிலும் சூடு என்பதால் அந்த ஸ்டீம் குளிர்ந்து தண்ணீராகாது. டிராப் ஸ்டீமைப் பார்த்ததும் மூடிக்கொள்ளும். கீழே தண்ணீர் ஏறிக்கொண்டே போகும், டிராப்போ மூடியபடியே இருக்கும். ஸ்டீம் லாக் என்பது இதுதான். இதற்கென்றே சின்ன ஊசி வால்வு வைத்த ஃப்ளோட் டிராப் கிடைக்கிறது. மாட்டிக்கொண்ட ஸ்டீமை அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும், பின்னாலேயே தண்ணீர் வந்து சேரும். விலை குறைவு என்று நாம் வாங்கி மாட்டும் டிஸ்க் டிராப்புக்கு இந்த வசதி கிடையாது. மெயின் லைனில் அது நன்றாக வேலை செய்யும், சிலிண்டருக்குப் பொருந்தாது. பொருந்தாததை மாட்டிவிட்டு, அது வேலை செய்யவில்லை என்று டிராப்பைச் சுற்றிப் போகும் பக்கத்து பைபாஸ் வால்வைப் பாதி திறந்து வைக்கிறோம். அந்தப் பாதித் திறப்பில் இரவு பகலாக நல்ல ஸ்டீம் சாக்கடைக்குப் போகிறது.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிர்ந்து கிடந்த சிலிண்டர் முழுக்கக் காற்றுதான் இருக்கும். ஸ்டீம் விட்டதும் அது தானாகப் போய்விடாது, ஸ்டீம் நுழைகிற பக்கத்துக்கு எதிர்ப்புறமாக ஒதுங்கும். உள்ளே ஐந்தில் ஒரு பங்கு காற்று இருந்தால், கேஜ் 2 கிலோ என்று காட்டினாலும் சூடு 133 இருக்காது, 126 பக்கம்தான் இருக்கும். கேஜை நம்பி ஏமாறுவது இப்படித்தான். காற்றை வெளியே விடும் ஏர் வென்ட் மாட்டாத வரிசையில், திங்கட்கிழமைக் காலை முதல் ஒரு மணி நேரத் துணியைப் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் ஈரமாக வந்தால் முதலில் காற்றையும், துணியைப் பிழியும் ரோல்களான மாங்கிளின் ஓர அழுத்தத்தையும் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் ஒரு சம்பவம். 2012இல் மின்வெட்டு கடுமையாக இருந்தது உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். அப்போது நான் வேலை பார்த்த ஆலையில், கரன்ட் போனால் மெஷின் நிற்கும், நாங்கள் ஓடிப்போய் ஸ்டீம் வால்வை மூடுவோம். துணி கருகாமல் இருக்க அதுதான் வழி. ஒருநாள் இரவு மூடிவிட்டு டீ குடிக்கப் போனோம். உள்ளே டமார் என்று ஒரு சத்தம். வந்து பார்த்தால் ஆறாவது சிலிண்டர், கையால் நசுக்கிய எண்ணெய் டின் மாதிரி உள்வாங்கிக் கிடந்தது. வெடிக்கவில்லை, உறிஞ்சிக்கொண்டது. உள்ளே இருந்த ஸ்டீம் குளிர்ந்து தண்ணீரானதும் வெற்றிடம். வெளியே காற்றழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ. அந்தச் சிலிண்டரின் மேற்பரப்பு முழுவதற்கும் கணக்குப் போட்டால் 32,000 கிலோவுக்கு மேல். ஒரு சின்ன வேக்கம் வால்வு இருந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து சிலிண்டர் பிழைத்திருக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று நூல் முடிந்துகொண்டிருக்க வேண்டிய பையனும் அன்று எங்களோடு டீக்கு வந்திருந்தான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சில்லிடுகிறது.

வேக்கம் வால்வு ஒரு பக்கம் என்றால், ரெடியூசிங் வால்வுக்கு அப்புறம் சேஃப்டி வால்வு இன்னொரு பக்கம். பாய்லரில் 10 கிலோ இருக்கிறது, சிலிண்டர் 3 கிலோவுக்குச் செய்தது. இடையில் ரெடியூசிங் வால்வு ஒன்று மக்கர் செய்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இயங்கும் அழுத்தம் அனுமதித்த அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 31ஆம் பிரிவே சொல்லியிருந்தது. செம்பு போன்ற மெல்லிய தகட்டில் செய்த சைசிங் சிலிண்டர்களுக்குப் பல மாநில விதிகளில் தனிக் கட்டுப்பாடும் உண்டு. முதல் ஐந்து வருஷத்துக்குப் பிறகு வருஷத்துக்கு 5 சதவீதம் பிரஷரைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும், 20 வருஷத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. இங்கே பழைய சிலிண்டரைக் கைமாற்றி வாங்கும்போது அதன் வயதை எத்தனை பேர் கேட்கிறோம்? பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருந்தால் போதும் என்று லாரியில் ஏற்றிவிடுகிறோம்.

சரி, செலவுக் கணக்குக்கு வருவோம், உங்களுக்கு அதுதானே முக்கியம். ஒரு கிலோ தண்ணீரைத் துணியிலிருந்து ஆவியாக்கச் சுமார் 610 கிலோ கலோரி வேண்டும். 3 கிலோ பிரஷரில் ஒரு கிலோ ஸ்டீம் கொடுப்பது 510. ஒரு பொட்டுக்கூட வீணாகாவிட்டாலும் 1.2 கிலோ ஸ்டீம் ஆகும். 100 கிலோ காட்டன் துணி மாங்கிளிலிருந்து 70 சதவீத ஈரத்தோடு வந்து 8 சதவீதத்தில் காய்ந்து முடிந்தால், 62 கிலோ தண்ணீர், ஏறக்குறைய 75 கிலோ ஸ்டீம். அதே துணி மாங்கிளில் 60 சதவீதத்துக்குப் பிழியப்பட்டிருந்தால் 62 கிலோ ஸ்டீமில் முடிந்திருக்கும். ரப்பர் ரோலைக் காலத்தில் சாணை பிடித்துவிட்டால் கிடைக்கும் லாபம் இது. பிழிவது எப்போதும் காய வைப்பதைவிட மலிவு, வீட்டில் துணி துவைக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அதே மாதிரி, மொறமொறவென்று காய வைப்பதையும் விடுங்கள். காட்டன் நம் ஊர்க் காற்றிலிருந்து தானாகவே 7, 8 சதவீத ஈரத்தை எடுத்துக்கொள்ளும். 3 சதவீதம் வரைக்கும் வாட்டினால், அந்த மிச்ச ஈரத்தைக் குடோனில் அது திரும்பக் குடித்துவிடும். அதற்கு எரித்த விறகு போனதுதான். சைசிங்கில் இன்னும் மோசம், அதிகம் வாட்டிய பாவு தறியில் நொறுங்கும், நெசவாளி உங்களைத்தான் திட்டுவார்.

கடைசியாக, வெளியே வருகிற கன்டன்சேட். இது துணியையோ சாயத்தையோ தொடாத தண்ணீர். நம் பகுதிக் கிணற்றுத் தண்ணீரின் உப்பை எடுக்க சாஃப்ட்னருக்கும் ஆர்.ஓ.வுக்கும் எவ்வளவு செலவழிக்கிறோம்! 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, நொய்யல் பக்கம் ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கு உண்டு. காவிரிக் கரையிலும் காலிங்கராயன் வாய்க்கால் ஓரத்திலும் நாம் இன்னும் சுத்தமான, 90 டிகிரிச் சூட்டுத் தண்ணீரைச் சாக்கடையில் விடுகிறோம். பாய்லருக்குப் போகும் தண்ணீரை 6 டிகிரி சூடேற்றினால் எரிபொருளில் 1 சதவீதம் மிச்சம். 30 டிகிரியில் விடுவதை 80 டிகிரியில் விட்டால் 8 சதவீதம். ஒரு தொட்டி, ஒரு பம்ப், இன்சுலேஷன் போட்ட குழாய், இவ்வளவுதான் வேண்டும். கன்டன்சேட் வீணாகும் ஆலையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்யச் சொல்லவில்லை. எந்தச் செலவுக்கும் முன்னால் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்குங்கள். மெஷின் ஓடி ஒரு மணி நேரம் ஆனதும் ஒவ்வொரு சிலிண்டரிலும் துணி படாத விளிம்பில், இரண்டு பக்கமும் பாருங்கள். பளபளக்கும் ஸ்டீல் மேல் அது தப்பாகக் காட்டும், அதனால் விளிம்பில் ஒரு சின்னக் கறுப்பு டேப் ஒட்டிவிட்டுப் பாருங்கள். பக்கத்துச் சிலிண்டரைவிட 15, 20 டிகிரி குறைவாக இருப்பது மூழ்கிய சிலிண்டராக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தச் சிலிண்டருக்கு மட்டும் முதலில் தனி டிராப் போடுங்கள். மறுபடி அளந்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அடுத்ததற்குப் போங்கள்.

இன்னொரு வேண்டுகோள். மாதம் ஒரு அரை நாள், உங்கள் ஃபிட்டருக்கு வரிசையை நிறுத்திக் கொடுங்கள். டிராப்பைக் கழற்றி வலையைக் கழுவவும், சைஃபன் வளைந்திருக்கிறதா என்று பார்க்கவும், கார்பன் மாற்றவும், வேக்கம் வால்வைத் தட்டிப் பார்க்கவும் அது போதும். ஓடும் மெஷினில் பைபாஸைத் திறந்து மூடித்தான் நாங்கள் எல்லோரும் காலம் தள்ளினோம், அந்தக் கொதிக்கும் தண்ணீரில் கை வெந்தவர்கள் எனக்குத் தெரிந்தே நாலு பேர். அரை நாள் உற்பத்தி போகும் என்று தயங்காதீர்கள். வரும் ஆடிக்கு முன்னால், ஆர்டர் மந்தமான ஒரு சனிக்கிழமையில் ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
சிலிண்டர் வரிசைகளில் முப்பது வருஷம் வேலை பார்த்த ஃபிட்டர் ஒருவன்