நிலாவெளி மீன்கார ஐயாவுக்கு நன்றி

மதுரையிலிருந்து வந்து இலங்கையைச் சைக்கிளில் சுற்றுகிறேன். திருகோணமலையில் பெயர் சொல்லாமல் போய்விட்ட ஐயாவுக்காக இதை எழுதுகிறேன்.

நிலாவெளியைத் தாண்டிப் புல்மோட்டை வீதியில் பின்டயர் படுத்துவிட்டது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வேறு அனலாய் அடிக்கிறது. மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "என்ன தம்பி, காத்துப் போயிட்டுதோ?" என்றீர்கள். ஒட்டுப்போடும் கடைவரை கூடவே மெதுவாக உருட்டி வந்தீர்கள்.

அங்கிருந்த 28 அங்குல டியூப்பை என் 700சி அளவு டயருக்குள் எப்படியோ திணித்துவிடலாம். அதன் தடித்த வால்வுதான் (காற்றடிக்கும் முனை) நுழையாது. என் ரிம்மில் இருப்பது பிரெஸ்டா என்ற மெல்லிய வகை வால்வுக்கான சிறிய துளை. கடைக்காரர் துளையைப் பெரிதாக்கப் போனபோது, "வேண்டாம், ரிம் பழுதாப் போயிடும்" என்று தடுத்தீர்கள். பழைய டியூப்பிலிருந்து துண்டு வெட்டி, உரசி, சொலூஷன் காயும்வரை அவரைப் பொறுக்க வைத்ததும் நீங்கள்தான். (பலர் ஈரத்திலேயே அழுத்திவிடுவார்கள், அது நாலு மைல்கூடத் தாங்காது.)

மீன் வெயிலில் நிற்கிறதே என்றேன். "ஐஸ் கிடக்கு, நீங்க பிளேன்டீயைக் குடியுங்கோ" என்றீர்கள். காசை நீட்டியதும் உங்கள் முகம் கடுத்தது. பேசாமல் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஒட்டு நன்றாகவே பிடித்திருக்கிறது, ஐயா. அன்றைக்கு மீன் விற்றுத் தீர்ந்ததா?