ஈஸ்ட் பற்றி, எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன வாரம் கோத்தகிரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய படம் உங்களுக்கும் வந்திருக்கும். நம் கடை அலமாரி, அதன்மேல் ‘வீகன் பிரெட்’ (பால், முட்டை என்று விலங்கிடமிருந்து வரும் எதுவும் சேராதது) என்று நாங்கள் எழுதி வைத்த பலகை. படத்துக்குக் கீழே, “ஈஸ்ட் உயிருள்ளது, அதை வேகவைத்துக் கொன்றுவிட்டு வீகன் என்று ஏமாற்றுகிறார்கள்” என்று ஒரு வரி. அனுப்பியது யார் என்று நாங்கள் தேடவில்லை. ஆனால் சனிக்கிழமை காலை, 15 வருடமாக நம்மிடம் பிரெட் வாங்கும் ஓர் அம்மா, “தம்பி, இதுல என்னமோ உயிர் இருக்காமே?” என்று கேட்டுவிட்டு, கையில் எடுத்த பிரெட்டைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஈஸ்ட் உயிருள்ளதுதான். அதை நாங்கள் ஒருநாளும் மறைத்ததில்லை. தினமும் இரவு 9 மணிக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சர்க்கரை போட்டு ஈஸ்ட்டைத் தூவுவோம். கடுகைவிடச் சின்னதாக, காய்ந்த மண் போல இருக்கும். பத்து நிமிடத்தில் மேலே நுரை கட்டி, கனிந்த வாழைப்பழ வாசனை வரும். அந்த நுரையைப் பார்த்த பிறகுதான் மாஸ்டர் மைதாவைக் கொட்டுவார். நுரை வராவிட்டால் ஈஸ்ட் செத்துப்போனது என்று அர்த்தம், அன்றைக்குப் பிரெட் கல்லாகத்தான் வரும். மார்கழி, தை மாதங்களில் இதைப் பச்சைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். மாவுத் தொட்டியை ஓவன் பக்கத்தில் நகர்த்தி வைத்து, ஈரத்துணி போட்டு, அதன்மேல் சாக்கையும் போர்த்துவோம். சித்திரையில் ஒன்றரை மணி நேரத்தில் எழும்பும் மாவு, அந்தக் குளிரில் மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

ஆனால் உயிர் இருப்பதெல்லாம் விலங்கு ஆகிவிடாது. கீரைக்கு உயிர் உண்டு, முளைகட்டிய பாசிப்பயறுக்கு உயிர் உண்டு. ஈஸ்ட் பூஞ்சை இனம். நம் மலையில் வளர்த்து விற்கிறார்களே பட்டன் காளான், அதுவும் அந்த இனம்தான். காளானைக் கண்ணால் பார்க்கலாம், ஈஸ்ட் ஒரே ஒரு செல், ஒரு கிராமில் கோடிக்கணக்கில் இருக்கும். அதற்கு மூளை கிடையாது, நரம்பு கிடையாது, வலியை உணர எதுவுமே கிடையாது. சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் கொஞ்சம் ஆல்கஹாலையும் விடும். வாயு மாவை உப்ப வைக்கிறது, ஆல்கஹாலில் பெரும்பகுதி ஓவன் சூட்டில் ஆவியாகிவிடுகிறது. இப்படிப் புளிக்க வைப்பது உயிருள்ள ஈஸ்ட்தான் என்று 1850களின் கடைசியிலேயே லூயி பாஸ்டர் காட்டிவிட்டார். பிரெட்டுக்குப் போடும் ஈஸ்ட்டின் அறிவியல் பெயர் சாக்கரோமைசிஸ், அதற்கு அர்த்தமே ‘சர்க்கரைப் பூஞ்சை’. கம்பெனிகளில் இதை வளர்ப்பதும் சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸில்தான்.

வீகன் என்ற சொல் 1944இல் இங்கிலாந்தில் வந்தது. விலங்குகளை வதைக்காமல், அவற்றிடமிருந்து எடுக்காமல் வாழ்வது என்பதுதான் அதன் பொருள். பால், நெய், தேன், முட்டை எல்லாம் அதனால்தான் கூடாது. ஈஸ்ட்டுக்கு அதில் தடையே இல்லை. வீட்டில் இட்லி மாவு ராத்திரி பொங்குகிறதே, அதைப் பொங்க வைப்பதும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவும் ஈஸ்ட்டும்தான். காலையில் ஆவியில் வைத்தால் அவையும் சாகின்றன. இட்லியை அசைவம் என்று நம் பாட்டிகள் யாரும் ஒதுக்கவில்லையே.

நம் ஜைன வாடிக்கையாளர்கள் சிலர் ஈஸ்ட் போட்டதைத் தொட மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத உயிருக்கும் ஊறு செய்யக் கூடாது என்பது அவர்கள் நெறி. அது வேறு, வீகன் வேறு. அவர்கள் கேட்டுத்தான் வாங்குவார்கள், நாங்களும் ஈஸ்ட் இல்லாத பிஸ்கட்டைத்தான் எடுத்துக் கொடுப்போம்.

“வர்க்கியில் ஈஸ்ட் போடுவதில்லையே, அதை வாங்கலாமா?” என்றும் நாலைந்து பேர் கேட்டார்கள். நம் மலையின் மொறுமொறு அடுக்கு பிஸ்கட்டான வர்க்கிக்கு நாங்கள் பாக்கெட் ஈஸ்ட் போடுவதில்லை, உண்மைதான். வாழைப்பழம், சர்க்கரை, ரவை, மைதா கலந்து புளிக்க வைத்த ‘மாவா’ என்ற கலவையில் பிசைகிறோம். ஆனால் அந்த மாவாவிலும் ஈஸ்ட் தானாகவே வந்து வளரும். பழத்தோலிலும் மாவிலும் அது இயல்பாக இருப்பதுதான். வர்க்கியில் கவனிக்க வேண்டியது கொழுப்பைத்தான். சிலர் நெய் சேர்ப்பார்கள், எங்களுடையது வனஸ்பதி.

நியாயமாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, அதை யாரும் கேட்கவில்லை. உலர் ஈஸ்ட் பாக்கெட்டில் 491 என்று ஓர் எண் இருக்கும். ஈஸ்ட் காய்ந்து கெடாமல் இருக்கச் சேர்ப்பது அது. அதைத் தாவர எண்ணெயிலிருந்தும் செய்யலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் செய்யலாம். நாங்கள் வாங்கும் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறது, விலங்குக் கொழுப்பு சேர்ந்திருந்தால் அந்தப் புள்ளி போட முடியாது. பச்சைப் புள்ளி மட்டும் இருந்தால் வீகன் என்றும் நினைத்துவிட வேண்டாம், பாலுக்கும் நெய்க்கும் அந்தப் புள்ளிதான். பலகை வைத்த அலமாரியிலேயே சில நாள் பால் தடவிய பன்னும் இருந்திருக்கிறது, திங்கள் முதல் அது எதிர்ப்பக்க அலமாரியில் இருக்கும். வீகன் பிரெட்டுக்குத் தனி டிரே, தனி பிரஷ் என்று வைப்பதால் அதன் விலை மட்டும் 5 ரூபாய் கூடுகிறது.

‘ஏமாற்றுகிறார்கள்’ என்ற சொல்தான் எங்களுக்குத் தூக்கம் வராமல் செய்தது. அப்பா இந்தக் கடையை நடத்தியபோது, எடை குறைந்த பிரெட்டைப் பாதி விலைக்குக்கூட விற்க விடமாட்டார், ரஸ்க் போடச் சொல்லிவிடுவார். அந்தக் கல்லாவில்தான் இன்றைக்கும் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்.

அந்தக் குழுவிலேயே எங்களுக்காகப் பேசியவர்களுக்கும், “இந்த வாரமும் 20 பிரெட் வேண்டும்” என்று போன் செய்த ஹோம்ஸ்டேக்காரர்களுக்கும், எதையும் கேட்காமல் காலை 6 மணிக்கே வந்து பன் வாங்கிக்கொண்டு இலை பறிக்கப் போன அக்காமாருக்கும் மனசார நன்றி. இந்த ஒரு வாரம் கடை நடந்தது உங்களால்தான்.

பிரெட்டைத் திரும்ப வைத்துவிட்டுப் போன அம்மா, இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டினால், ஒருநாள் இரவு 9 மணிக்குப் பின்வாசல் வழியாக வாருங்கள். நுரை வருவதை நீங்களே பார்க்கலாம், ஒரு டீயும் குடித்துவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
உங்கள் பேக்கரிக்காரர்கள்,
கோத்தகிரி