பணம் கேட்டால் ஆபரேட்டர், பாக்ஸ் கேட்டால் கம்பெனி: கேபிள் நிறுவனத்துக்கு ஒரு புகார்க் கடிதம்

அனுப்புநர்:
கேபிள் சந்தாதாரர்,
சங்கரன்கோவில் வட்டம், தென்காசி மாவட்டம்.
(பெயர், முகவரி, பாக்ஸ் எண் தனித்தாளில்)

பெறுநர்:
நோடல் அதிகாரி அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: விலை கொடுத்து வாங்கிய செட்டாப் பாக்ஸை முடக்கியது, மீதிச் சந்தாவைத் திருப்பித் தராதது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

எங்கள் ஊருக்குக் கேபிள் இணைப்பு தந்துவரும் ஆபரேட்டர் போன மாதம் உங்களிடம் சிக்னல் வாங்குவதை நிறுத்திவிட்டு வேறொரு நிறுவனத்துக்கு மாறிவிட்டார். உங்களுக்கும் அவருக்கும் பாக்கித் தகராறு என்று ஊரில் பேச்சு. அதில் யார் பக்கம் நியாயம் என்பது என் கவலை இல்லை. அவர் மாறிய அன்று மாலையே என் வீட்டு செட்டாப் பாக்ஸ் செத்துப்போனது. அதுதான் என் கவலை. பழுதாகிச் சாகவில்லை. விளக்கு எரிகிறது, ரிமோட்டை அமுக்கினால் எண் மாறுகிறது, திரையில் உங்கள் நிறுவனத்தின் சின்னம்கூட வருகிறது. படம் மட்டும் வரவில்லை.

புது நிறுவனத்தின் பாக்ஸை மாட்ட 1,000 ரூபாய் கேட்கிறார்கள். சரி, பழைய பாக்ஸுக்கு நான் கொடுத்த 1,500 ரூபாய் என்ன ஆயிற்று என்று உங்கள் உதவி எண்ணில் கேட்டேன். "பாக்ஸ் கம்பெனியின் சொத்து மேடம், ஒப்படைத்துவிடுங்கள்" என்றார் பேசியவர். பணம்? "அது ஆபரேட்டர் வாங்கியது." ஆபரேட்டரைக் கேட்டால், "வாங்கிக் கம்பெனிக்குக் கட்டிவிட்டேன் அக்கா" என்கிறார். பாக்ஸைக் கேட்கும்போது நீங்கள் முதலாளி, பணத்தைக் கேட்டால் அவர் முதலாளி.

இந்தப் பாக்ஸ் என் வீட்டுக்கு வந்த கதையை உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. நான் ஆசைப்பட்டு வாங்கியதில்லை. 1995-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தை 2011-இல் திருத்தி, நாடு முழுவதும் அனலாக் கேபிளை நிறுத்திவிட வேண்டும் என்றது மத்திய அரசு. சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா முதல் கட்டம். கோவை முதலான நகரங்கள் இரண்டாம் கட்டம். மற்ற நகர்ப்புறங்கள் அதற்குப் பிறகு. எங்களைப் போன்ற கிராமங்கள் கடைசி. 2016 டிசம்பர் 31 என்று வைத்த கெடுவை 2017 மார்ச் 31-க்குத் தள்ளினார்கள். எங்கள் தெருவில் அதற்கும் பிறகுதான் நடந்தது. ஆபரேட்டர் வீடு வீடாக வந்து, இனிப் பாக்ஸ் இல்லாமல் படம் தெரியாது, சட்டம் வந்துவிட்டது என்றார். பள்ளிச் சீருடை தைத்த கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சந்தா அட்டையின் பின்பக்கத்தில் "பாக்ஸ் 1,500 வரவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அனலாக் காலத்தில் கம்பி நேராக டிவிக்குள் போகும். மழை பெய்தால் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும், கடைசிச் சேனல்களில் கோடு ஓடும். ஆனாலும் வருவது எல்லா வீட்டுக்கும் ஒன்றுபோல வரும். இணைப்பைத் துண்டிக்க வேண்டுமென்றால் ஒருவர் கம்பத்தில் ஏறியாக வேண்டும். ஏறுகிறவரைக் கீழே நின்று "ஏனப்பா?" என்று கேட்கலாம், இரண்டு நாள் தவணையும் வாங்கலாம். டிஜிட்டலில் கம்பி வழியே வருவது பூட்டிய சிக்னல். எந்தப் பாக்ஸுக்கு எந்தச் சேனலைத் திறப்பது என்ற உத்தரவு உங்கள் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வருகிறது. முகம் தெரியாத ஒருவர் அங்கே ஒரு பொத்தானைத் தட்டினால் இங்கே திரை கறுத்துவிடுகிறது.

இந்த மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் படத்தின் தெளிவு ஒன்று, கணக்கின் தெளிவு இன்னொன்று. ஆபரேட்டர்கள் இணைப்புகளைக் குறைத்துக் காட்டுகிறார்கள், சேனல்களுக்கும் அரசுக்கும் சேர வேண்டிய பணம் சேரவில்லை, பாக்ஸுக்கு ஓர் எண் கொடுத்துவிட்டால் ஒரு வீடும் விடுபடாது என்றார்கள். உண்மைதான், விடுபடவில்லை. சந்தா முடிகிற தேதியில் உங்கள் கணினி ஒரு தடவைகூட மறக்காமல் என் வீட்டைத் தேடிப்பிடித்து நிறுத்தியிருக்கிறது. இவ்வளவு ஞாபகசக்தி உள்ள கணினியில், இந்தப் பாக்ஸுக்கு வாடிக்கையாளர் எவ்வளவு கொடுத்தார் என்ற ஒரு வரி மட்டும் இல்லை என்கிறீர்கள்.

பாக்ஸ் உங்கள் சொத்து என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நான் கொடுத்த 1,500 ரூபாய்க்கு என்ன பெயர்? வாடகை என்றால் மாதம் எவ்வளவு என்று எந்த ரசீதிலும் ஏன் இல்லை? முன்பணம் என்றால் பாக்ஸைத் திருப்பித் தரும்போது பணமும் திரும்ப வேண்டும். விலை என்றால் பாக்ஸ் என்னுடையது. அதை ஒப்படைக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. மூன்றில் எதுவானாலும் எனக்குச் சம்மதம். எதுவென்று எழுத்தில் சொல்லுங்கள். சந்தாதாரரின் விண்ணப்பப் படிவ நகலை அவரிடம் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2017-ஆம் ஆண்டுச் சேவைத் தர விதிகள் சொல்கின்றன. என்னிடம் நகல் இல்லை. காரணம், நான் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டதே இல்லை. என் பெயரில் ஒரு படிவம் உங்களிடம் இருந்தால் அந்தக் கையெழுத்தைப் பார்க்க எனக்கும் ஆவல்தான்.

2019 பிப்ரவரியில் புதுக் கட்டண முறை வந்தபோதும் இதே கதை. விரும்பிய சேனலுக்கு மட்டும் பணம் கட்டலாம் என்று விளம்பரம் செய்தார்கள். 100 சேனலுக்கு 130 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு, அதற்குமேல் கட்டணச் சேனல்களின் விலை. இங்கே யாரும் யாருடைய விருப்பத்தையும் கேட்கவில்லை. ஆபரேட்டர் ஒரு தொகுப்பைச் சொன்னார், தெரு முழுக்க அதே தொகுப்பு. எங்களுக்குப் புரியாத மொழிச் சேனல்களும் அதில் சேர்த்தி. (என் மாமியார் அதில் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார், கேட்டால், சேலைகள் நன்றாக இருக்கின்றன என்றார். அந்த அளவுக்குப் பயன் உண்டு.) அந்த 130 ரூபாய் உச்சவரம்பையும் 2024-இல் எடுத்துவிட்டார்கள் என்பதால் இதைப் பற்றி மேலும் எழுதிப் பயனில்லை.

என்னை உண்மையில் எரிச்சலூட்டுவது, நல்ல நிலையில் இருக்கும் ஒரு பொருளைக் குப்பையில் போடச் சொல்வதுதான். குக்கர் விற்ற கடைக்காரர் யாரும், வேறு கடை அரிசி இதில் வேகக் கூடாது என்று பூட்டுப் போட்டு விற்றதில்லை. அதே கம்பி, அதே டிவி, அதே ஆபரேட்டர்; உங்கள் பூட்டுமுறை வேறு, அவர்களுடையது வேறு என்பதற்காக எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பாக்ஸ் பரணுக்குப் போகிறது. எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் அதே பாக்ஸ் வேலை செய்யும்படி இருக்க வேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலில் அரசுக்குப் பரிந்துரைத்தது. எங்கள் தெருவுக்கு அது வந்து சேரவில்லை. அதனால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. பாக்ஸ் மாறும் ஒவ்வொரு தடவையும் பணம் கட்டுவது நாங்கள்தான்.

டிவி இல்லாவிட்டால் மொபைலில் பார்க்கலாமே என்றார் உங்கள் உதவி எண் இளைஞர். மாமியாருக்குக் கண்புரை. எண்களை விரலால் தடவி ரிமோட்டை அமுக்கப் பழகியவரிடம் உள்ளங்கை அகலத் திரையைக் கொடுத்து என்ன செய்வது? பழைய ஆன்டெனாவுக்கும் திரும்ப முடியாது. தூர்தர்ஷனின் அனலாக் ஒளிபரப்பு நிலையங்களை பிரசார் பாரதி பெரும்பாலும் மூடிவிட்டது. மாதச் சந்தா இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. அதற்கும் தனியாக ஒரு டிஷ், தனியாக ஒரு பாக்ஸ். அங்கும் பாக்ஸ்தான்.

ஆகவே நான் கேட்பவை: பாக்ஸைப் பெற்றுக்கொண்டு 1,500 ரூபாயைத் திருப்பித் தாருங்கள், பழையது என்று கழிக்கப் போகிறீர்கள் என்றால் எந்த விதிப்படி, எவ்வளவு என்று எழுதிக் கழியுங்கள். இணைப்பு நின்ற நாளிலிருந்து சந்தா முடிய வேண்டிய நாள் வரைக்கும் முன்கூட்டியே வாங்கிய தொகையைக் கணக்குப் பார்த்துத் தாருங்கள். என் பெயரில் உள்ள விண்ணப்பப் படிவத்தின் நகலையும், இந்தப் பாக்ஸ் எண்ணில் இதுவரை உங்களுக்கு வந்துசேர்ந்த பணத்தின் பட்டியலையும் அனுப்புங்கள். பட்டியல் வந்தால், ஆபரேட்டர் சொல்வது பொய்யா, நீங்கள் சொல்வது பொய்யா என்று நானே பார்த்துக்கொள்வேன்.

பணம் கைக்கு வரும்வரை பாக்ஸை யாரிடமும் கொடுக்க மாட்டேன். வசூலுக்கு ஆள் அனுப்பினால் வீண் அலைச்சல்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. சென்னையிலிருந்து உங்கள் வக்கீல் வந்து போகும் ரயில் செலவு இந்தப் பாக்ஸின் விலையைத் தாண்டிவிடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இதன் நகல் ஒன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் போகிறது.

பதிலைத் தமிழில், தபாலில் அனுப்பவும். தொலைபேசியில் அழைக்க வேண்டாம். பகலில் தையல் எந்திரச் சத்தத்தில் மணி கேட்காது.

இப்படிக்கு,
சந்தாதாரர்