ஐந்து வாரக் கணக்கு

தேவனாம்பட்டினம்,
கடலூர்.

அன்புள்ள கவிதாவுக்கு அம்மா எழுதுவது,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மோட்டார்தான் மறுபடியும் மக்கர். மற்ற சேதியெல்லாம் பிறகு. உன் பிள்ளை இனியன் இன்னும் நடக்கவில்லையே, போனில் அவனைப் பற்றிக் கேட்டால் "தூங்குறான்மா" என்று முடித்துவிடுகிறாய். நீ ராத்திரியில் அனுப்பிவிட்டு உடனே அழித்த லிங்க்கை நான் பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

தாமதமாக நடக்கிற குழந்தைக்குப் பின்னாளில் மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனநோய், வருமா என்பதுதானே அந்த லிங்க்கில் இருந்தது? ஆய்வு பொய்யில்லை. 1946 மார்ச்சில் பிரிட்டனில் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை விடாமல் பின்தொடர்ந்தார்கள். 1994-ல் வந்த கட்டுரையில் 4,746 பேரின் கணக்கு இருந்தது. மனச்சிதைவு வந்தவர்கள் அதில் 30 பேர். இந்த 30 பேரும் மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 மாதம் பிந்தி நடந்திருந்தார்கள். பேச்சில் சிக்கல், 4 வயதிலும் 6 வயதிலும் தனியாகவே விளையாடுவது, பள்ளித் தேர்வுகளில் மதிப்பெண் குறைவு, இவையும் கூட இருந்தன. வட பின்லாந்தில் 1966-ல் பிறந்தவர்களைத் தொடர்ந்தபோதும் நிற்பது, நடப்பது விஷயத்தில் இதே போக்குதான் தெரிந்தது.

ஆனால் சராசரி என்று எழுதியிருப்பதைப் பார்த்தாயா? 1.2 மாதம் என்றால் ஐந்து வாரம். உன் பிள்ளை பிறந்ததே டாக்டர் குறித்த தேதிக்கு ஐந்து வாரம் முன்னால்! இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு எந்தக் குழந்தையையும் பார்த்து இவனுக்கு வரும், இவனுக்கு வராது என்று சொல்ல முடியாது. தாமதத்தால் வாய்ப்பு இரண்டு மடங்காகிறது என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள். வாழ்நாளில் 100 பேரில் சுமார் ஒருவர் என்பது இரண்டு பேராகும். மீதி 98 பேர்? பத்தாவதில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கின பெண்ணுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. நோய் இருபது வயதில் வெளியே தெரிந்தாலும் மூளை வளர்ச்சியில் அதன் தொடக்கம் முன்பே இருக்கலாம் என்பதுதான் அந்த ஆய்வுகளின் பொருள். லேட்டாக நடப்பதால் நோய் வருவதில்லை.

இப்போது இனியன் கணக்கு. 15 மாதத்தில் ஐந்து வாரம் கழித்தால் 14 மாதம்கூட நிறையவில்லை. குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயது வரை இப்படிக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அளவில், தானாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. டெல்லிக் குழந்தைகளையும் சேர்த்து எடுத்த அளவு அது. அதிலே நூற்றுக்கு நாலு குழந்தை தவழவே இல்லை. இவன் சோபாவைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் போகிறான் என்றாயே, நடைக்கு முந்தின படி அதுதான்.

குழந்தை எதை எந்த வயதுக்குள் செய்ய வேண்டும் என்று வரிவரியாகக் கோடு போட்டுக் காட்டுகிற திருவனந்தபுரம் அட்டவணையைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். அவனுடைய கழித்த வயதில் ஒரு பென்சிலைச் செங்குத்தாக வை. பென்சிலுக்கு இடது பக்கமே முடிந்துபோன வரிகளில் அவன் செய்யாதது ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். பெயர் சொன்னால் திரும்புகிறானா, வேண்டியதை விரலால் சுட்டுகிறானா என்று பார். பேச்சு பிந்தினால், பிறந்தபோது எடுத்த காது டெஸ்ட் சரியாக இருந்தாலும் மறுபடி எடு. எப்போதும் நுனிக்காலிலேயே நிற்பது, ஒரு பக்கக் கையையே பயன்படுத்துவது, முன்பு செய்யத் தெரிந்ததை இப்போது செய்ய முடியாமல் போவது, இவற்றில் எது இருந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே. டாக்டர் தலைச் சுற்றளவு, இடுப்பு மூட்டு, தசை தளர்வா இறுக்கமா என்றெல்லாம் பார்ப்பார். ரத்தசோகை, வைட்டமின் டி, தைராய்டும் பார்க்கச் சொல்லலாம். 18 மாதம் கடந்தும் நடக்காத ஆண் குழந்தைக்குத் தசைநோய் உண்டா என்று அறிய சி.கே. என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. இதில் பலவற்றுக்கு மருந்தோ பயிற்சியோ இருக்கிறது. நீ ராத்திரி முழுக்க இருபது வருஷத்துக்கு அப்பால் தேடுவதை விட்டுவிட்டு இதைப் பார்.

வாக்கரைப் பரணில் ஏற்று. அதில் உட்கார்ந்து நுனிக்காலால் உந்துகிறவன் தன் பாதத்தையே பார்ப்பதில்லை, உடம்பைச் சமன் செய்யவும் பழகுவதில்லை. கனடாவில் 2004-லேயே விற்கக்கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். வெறுங்காலோடு தரையில் விடு. சோபாவுக்கும் ஸ்டூலுக்கும் நடுவே அவன் கை எட்டாத சிறு இடைவெளி வை. தள்ளி நடக்கக் கனமான ஸ்டூலாகக் கொடு, லேசாக இருந்தால் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். இடுப்பிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்யாதே.

அப்புறம், வீட்டில் யாருக்காவது ஏதாவது நோய் உண்டா என்று டாக்டர் கேட்பார். ராஜா மாமாவுக்கு மனச்சிதைவு இருப்பதைச் சொல். மாத்திரை பெயரெல்லாம் நான் எழுதித் தருகிறேன். பெற்றவருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால்தான் வருகிற வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் பத்து. ராஜா மாமா உனக்குத்தான் தாய்மாமன், இனியனுக்கு இன்னும் ஒரு தலைமுறை தள்ளி. அந்தத் தூரத்தில் எல்லோருக்கும் உள்ள அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். டாக்டர் எழுதுகிற சீட்டை மாப்பிள்ளையும் படிப்பார், கண்ணு. அதற்கு முதல் நாளே அவரிடம் பேசுவது நல்லது. மாமா ஏன் கல்யாணத்துக்கு வரவில்லை என்று கேட்டவர்களுக்கு என்ன சொன்னோம் என்பது எனக்கும் நினைவிருக்கிறது. அதை இப்போது கிளற வேண்டாம். மாமா மாத்திரையை விடுவதில்லை. காலையில் பால் வாங்கி வருவதும் அவர்தான். மாப்பிள்ளை நிதானமானவர், நீயாகத் தேடிக்கொண்டவர். கேட்டால் புரிந்துகொள்வார்.

பையன் வளர்ந்தபிறகு கவனிக்க வேண்டியது வேறு. கஞ்சா பக்கம் போகவிடக்கூடாது. தூக்கம் கெட்டு, சிநேகிதர்களை விட்டு ஒதுங்கி, படிப்பு சட்டென்று சரிந்தால் உடனே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். சிகிச்சை தள்ளிப்போனால் தேறுவதும் கஷ்டம். அதற்கு இன்னும் எத்தனையோ வருஷம் கிடக்கிறது.

புனேயிலேயே குழந்தை டாக்டரிடம் இந்த மாதமே காட்டிவிடு. இங்கே வருவதென்றால் ஜிப்மருக்கு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
அம்மா.

பி.கு.: வாக்கர் எங்கே என்று சம்பந்தி அம்மா கேட்டால் சக்கரம் உடைந்துவிட்டது என்று சொல்லாதே. ஆசையாக வாங்கித் தந்தவர். கால் பழகாது, அதனால் எடுத்து வைத்தோம் என்று உள்ளதைச் சொல்.